மீட்டியோர் 350-ஆ, சூப்பர் மீட்டியோர் 650-ஆ? சொகுசும் கையாளுதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

க்ரூசர் (தாழ்வான சீட்டில், காலை முன்னால் நீட்டி ஓட்டும் வகை பைக்) வாங்க ஆசைப்படுகிறவர்கள் பலர் ராயல் என்ஃபீல்டின் இந்த இரண்டு வண்டிகளுக்கு நடுவில் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறார்கள். நேரிலும் போனிலும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். விலை, மைலேஜ் கணக்குக்குள் அதிகம் போகவில்லை. உடம்புக்கு எது ஒத்துவரும், கைக்கு எது அடங்கும் என்பதுதான் இங்கே பேச்சு.

ரெண்டுக்கும் ஒரே பேருதானே? 350-ல பெரிய எஞ்சினை வச்சா அதுதானே 650?

இல்லை. பெயரும் தோற்றத்தின் சாயலும்தான் ஒன்று. மீட்டியோர் 350 வந்தது 2020 நவம்பரில். 349 சிசி, ஒற்றை சிலிண்டர், சுமார் 20 குதிரைத்திறன், 27 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை), ஐந்து கியர். சூப்பர் மீட்டியோர் 650-ஐ 2022 நவம்பரில் மிலான் கண்காட்சியில் காட்டினார்கள், 2023-ல் விற்பனைக்கு வந்தது. 648 சிசி, இரட்டை சிலிண்டர், 47 குதிரைத்திறன், 52 நியூட்டன் மீட்டர், ஆறு கியர்.

சேஸிஸும் (வண்டியின் சட்டகம்) வேறு, சஸ்பென்ஷனும் வேறு, உட்காரும் விதமும் வேறு. 350-ன் எடை 191 கிலோ, 650-ன் எடை 241 கிலோ. சக்கரங்களுக்கு இடையிலான நீளம் 350-க்கு 1400 மி.மீ., 650-க்கு 1500 மி.மீ. இந்த நான்கு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிப் பதில்கள் இவற்றிலிருந்துதான் கிளம்புகின்றன.

க்ரூசர்னாலே சொகுசுதானே? அப்புறம் ஏன் ஓட்டுறவங்க இடுப்பு வலிக்குதுன்னு சொல்றாங்க?

ஷோரூமில் உட்கார்ந்து பார்க்கும்போது க்ரூசரைவிடச் சுகமான பைக் கிடையாது. சீட் தாழ்வு, கால் முன்னால் நீட்டி, கை தளர்வாக இருக்கும். ஆனால் அந்தச் சுகம் வண்டி நிற்கும்போது கிடைக்கும் சுகம். சாதாரண பைக்கில் ஃபுட்பெக் (பாதம் வைக்கும் கட்டை) உங்கள் இடுப்புக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே இருக்கிறது. முன்னால் குழி தெரிந்தால் காலை ஊன்றி அரை அங்குலம் எழும்பி, அடியை முழங்காலிலேயே வாங்கிவிடலாம். க்ரூசரில் கால் முன்னால் இருப்பதால் அப்படி எழும்ப முடியாது. எழும்பப் பார்த்தால் ஹேண்டிலைப் பிடித்துத் தொங்க வேண்டியிருக்கும். ஆக, சீட்டுக்கு வரும் அடி நேராக வால் எலும்புக்கும் அங்கிருந்து முதுகுத்தண்டுக்கும் போகிறது.

இன்னொன்று, கால் முன்னால் போகப் போக இடுப்பு பின்பக்கமாகச் சுழன்று கீழ்முதுகு கூன் விழுந்த மாதிரி வளைந்துவிடும். அரை மணி நேரத்தில் ஒன்றும் தெரியாது, ஒன்றரை மணி நேரத்தில் தெரியும். இரண்டு வண்டியிலும் கால் முன்னால்தான் வைக்க வேண்டும். 350-ல் அது மிதம், முழங்கால் நன்றாக மடங்கியே இருக்கும். 650-ல் கால் இன்னும் முன்னே போகிறது. குட்டையான கால் உள்ளவர் அங்கே எட்டிப் பிடிக்க இடுப்பை முன்னுக்குத் தள்ளுவார், முதுகு வளையும், வலி வரும். நெட்டையானவருக்கு அதே 650 அற்புதமாகப் பொருந்தும், 350-ல்தான் முழங்கால் இடிக்கிற மாதிரி தோன்றும். எனவே எது சொகுசு என்பதற்குப் பொதுப் பதில் கிடையாது. உங்கள் கால் நீளத்தைச் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

என் உயரம் 5 அடி 3. எதுல கால் நல்லா ஊனும்?

சீட் உயரம் 350-ல் 765 மி.மீ., 650-ல் 740 மி.மீ. காகிதத்தில் 650 தாழ்வு. ஆனால் சீட்டின் முன்பகுதி எவ்வளவு அகலம் என்பதும் கணக்கில் சேரும். அகலமான சீட் தொடையை விரிக்கும், விரிந்த கால் தரைக்கு வர இன்னும் கொஞ்சம் நீளம் கேட்கும். ஆனாலும் உங்கள் உயரத்துக்கு இரண்டிலும் பாதம் தரையில் படும்.

உங்களுக்குச் சிக்கல் தரையை எட்டுவதில் இல்லை, ஃபுட்பெக்கையும் ஹேண்டிலையும் எட்டுவதில் இருக்கிறது. 650-ல் உட்கார்ந்து, முதுகை நேராக வைத்து, ஹேண்டிலை ஒரு பக்கம் முழுவதும் திருப்பிப் பாருங்கள். தூரமாகப் போகும் கை முழங்கையில் மடிப்பே இல்லாமல் நீண்டுவிட்டாலோ, தோள் கூடவே முன்னால் போனாலோ, மெதுவாகத் திரும்பும்போதெல்லாம் சிரமப்படுவீர்கள். அப்படியானால் 350 பக்கம் போங்கள் என்றுதான் சொல்வேன்.

வண்டி ஓட ஆரம்பிச்சா எடையே தெரியாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. 50 கிலோ பெரிய விஷயமா?

ஓட ஆரம்பித்தால் தெரியாது என்பது உண்மை. 30 கி.மீ. வேகம் தாண்டியதும் 650 நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும், எடை கீழே இருப்பதால் நிதானமாகவும் இருக்கும். ஆனால் வண்டி ஓடாத நேரம் எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. வீட்டிலிருந்து வெளியே எடுப்பது, பார்க்கிங்கில் பின்னால் தள்ளுவது, சரிவான இடத்தில் நிறுத்துவது, நெரிசலில் அடி அடியாக நகர்வது எல்லாம் எடையின் நேரம்.

ஒரு சூழலைச் சொல்கிறேன். சுவரைப் பார்த்து, லேசான இறக்கத்தில் வண்டியை முன்பக்கமாக நிறுத்திவிட்டீர்கள். வெளியே எடுக்க வேண்டும். ரிவர்ஸ் கியர் இல்லை. சீட்டில் உட்கார்ந்து இரண்டு காலாலும் பின்னுக்கு உந்த வேண்டும். 191 கிலோவை மூச்சுப் பிடித்துத் தள்ளிவிடலாம். 241 கிலோவை, ஈரத் தரையில், காலில் வழுக்கும் செருப்போடு தள்ளுவது பலருக்கு முடியாத காரியம். 650 வாங்குகிறவர் எங்கே நிறுத்தினாலும் முன்பக்கம் மேட்டைப் பார்த்தபடி நிறுத்தப் பழக வேண்டும். தினமும் நெருக்கமான இடத்தில் நிறுத்தி எடுப்பவராக இருந்தால் இந்த ஒரு காரணம் போதும், 350-ஐ எடுங்கள்.

மோசமான ரோட்டுல எது அலுங்காம போகும்?

350. இதில் எனக்குத் தயக்கமே கிடையாது. சஸ்பென்ஷன் அடியை விழுங்க அதற்கு மேலும் கீழும் அசைய இடம் வேண்டும். 650-ன் பின் ஷாக்கில் (ஸ்பிரிங் உள்ள அதிர்வுதாங்கி) சக்கரம் அசையும் தூரம் 101 மி.மீ.தான், முன்னால் 120 மி.மீ. ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் அதில் ஒரு பங்கு போய்விடும். மிச்சத்துக்குள் 241 கிலோ வண்டியையும் மனிதரையும் தாங்க வேண்டும் என்பதால் ஸ்பிரிங்கை இறுக்கமாகத்தான் வைத்திருக்கிறார்கள். சீரான சாலையில் இது பிரமாதம், வண்டி தவ்வாது. கூர்மையான விளிம்புள்ள குழியில் பின்பக்கம் நேராக முதுகில் குத்தும். கால் முன்னால் இருப்பதால் எழும்பித் தப்பிக்கவும் வழியில்லை என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

தரை இடைவெளியும் பாருங்கள். 350-க்கு 170 மி.மீ., 650-க்கு 135 மி.மீ. உயரமான வேகத்தடையில், பின்னால் ஆள் இருக்கும்போது, 650-ன் அடிவயிறு உரச வாய்ப்பு உண்டு. வேகத்தைக் குறைத்து, சாய்வாக ஏற்றி இறக்கினால் சமாளிக்கலாம். ஆனால் உங்கள் தினசரிப் பாதையில் இப்படிப் பத்து வேகத்தடை இருந்தால் அது சுகமான ஓட்டம் ஆகாது.

650-க்கு தலைகீழ் ஃபோர்க் கொடுத்திருக்காங்களே, அப்போ சஸ்பென்ஷன் அதுலதானே நல்லா இருக்கணும்?

ஃபோர்க் என்பது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய். ஷோவா நிறுவனத்தின் 43 மி.மீ. தலைகீழ் ஃபோர்க் அது. ராயல் என்ஃபீல்டு வண்டியில் இந்த வகை வந்ததே சூப்பர் மீட்டியோரில்தான் முதல்முறை. தடிமனான குழாய் மேலே கிளாம்பில் பிடிக்கப்பட்டிருப்பதால் ஃபோர்க் வளையாது. பலமாக பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் சாயும்போதும் முன்பக்கம் சொன்னபடி கேட்கும். அதன் பலன் கையாளுதலில் கிடைக்கிறது. குழியில் இறங்கும்போது உங்கள் முதுகுக்கு முக்கியம் பின் ஷாக். அங்கே நிலைமை முந்தைய பதிலில் உள்ளதுதான்.

பின் ஷாக்ல பிரீலோடு குறைச்சா சாஃப்ட் ஆயிடுமா?

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். பிரீலோடைத் திருகுவதால் ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. ஒரே ஸ்பிரிங்தான், அதை எவ்வளவு முன்கூட்டியே அழுத்தி வைக்கிறோம் என்பதுதான் மாறுகிறது. அதனால் மாறுவது நீங்கள் உட்கார்ந்ததும் வண்டி எவ்வளவு இறங்குகிறது என்ற அளவு.

ஒல்லியான ஆள் கூடுதல் பிரீலோடில் ஓட்டினால் ஷாக் கிட்டத்தட்ட முழுக்க நீண்ட நிலையிலேயே நிற்கும், சின்னக் குழிக்கெல்லாம் தூக்கிப் போடும். அவருக்குக் குறைத்தால் சுகம் கூடும். எடை கூடிய ஆள் குறைத்தால் தலைகீழாக நடக்கும். ஷாக் ஏற்கெனவே பாதி இறங்கிவிடும், குழி வந்ததும் மிச்சமும் தீர்ந்து அடியில் முட்டும். அந்த முட்டலைத்தான் பலர் ஷாக் இறுக்கமாக இருக்கிறது என்று நினைத்து இன்னும் குறைக்கிறார்கள், வலி இன்னும் கூடுகிறது. குழியில் 'டங்' என்று ஒற்றை அடியாக வந்தால் பிரீலோடை ஒரு படி கூட்டிப் பாருங்கள். சின்னச் சின்ன அதிர்வு ஓயாமல் வந்தால் ஒரு படி குறைத்துப் பாருங்கள். இரண்டு பக்க ஷாக்கும் ஒரே படியில் இருக்க வேண்டும். இதைச் செய்வதற்கு முன்பாக டயர் காற்றை, குளிர்ந்த நிலையில், கையேட்டில் சொன்ன அளவுக்குச் சரிபாருங்கள். காற்று கூடிப்போய் இருப்பதுதான் பாதிப் பேருடைய "ஹார்டு சஸ்பென்ஷன்".

வளைவுல எது நல்லா திரும்பும்?

எந்த வேகத்து வளைவு என்பதைப் பொறுத்தது. தெருமுனை, மலைப்பாதையின் கொண்டை ஊசி, நெரிசலில் இடைவெளி பார்த்து நுழைவது என்றால் 350. சக்கரங்களுக்கு இடையிலான நீளம் 100 மி.மீ. குறைவு, எடை 50 கிலோ குறைவு. நினைத்ததும் திரும்பும். இரண்டிலும் முன்சக்கரம் 19 அங்குலம்தான். பின்சக்கரம் 350-ல் 17 அங்குலம், 140 மி.மீ. அகல டயர். 650-ல் 16 அங்குலம், 150 மி.மீ. அகலம். இடமும் வலமுமாக அடுத்தடுத்து வளைவு வரும் பாதையில் 650-ஐ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்க்கக் கொஞ்சம் கைப்பலம் வேண்டும்.

80, 90 கி.மீ. வேகத்தில் எடுக்கும் நீண்ட வளைவில் கதை மாறுகிறது. 650 ஒரு கோட்டைப் பிடித்தால் விடாது. நடுவில் சாலையில் ஒட்டுப்போட்ட இடம் வந்தாலும் பாதை பிசகாது. இங்கிலாந்தின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் நிறுவனம் 2015-ல் ராயல் என்ஃபீல்டின் கைக்கு வந்தது, பந்தய சேஸிஸ் கட்டிய அனுபவம் உள்ளவர்கள். அவர்கள் கைபட்ட சேஸிஸ் என்பது இந்த மாதிரி வளைவில் புரியும். 350-ம் இங்கே பதறாது, ஆனால் 650 தரும் அந்த உறுதி அதில் கிடைக்காது.

வளைவுல ஃபுட்பெக் தரையில உரசுது. ஆபத்தா?

க்ரூசரில் அது ஒரு எச்சரிக்கை மணி. ஃபுட்பெக் மடங்கும்படி செய்திருப்பதால் உரசியவுடன் ஒன்றும் ஆகாது. அதற்கு மேலும் சாய்த்தால் அடுத்து உரசுவது மடங்காத பாகமாக இருக்கலாம். அது சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும். உரசினால் பதறி பிரேக்கை அழுத்தாமல், உடம்பை வளைவின் உள்பக்கமாகக் கொஞ்சம் நகர்த்துங்கள், வண்டி தானாகவே சற்று நிமிரும். அடுத்த வளைவுக்கு வேகத்தைக் குறைத்தே நுழையுங்கள்.

650-ல யூ டர்ன் எடுக்கவே பயமா இருக்கு. எல்லாருக்கும் இப்படித்தானா?

ஆரம்பத்தில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் இப்படித்தான். வண்டியின் நீளம், எடை இரண்டும் மெதுவாகப் போகும்போது உங்களுக்கு எதிராக வேலை செய்கின்றன. இதற்குத் தீர்வு பயிற்சிதான், அதுவும் சரியான பயிற்சி.

முன் பிரேக்கைத் தொடாதீர்கள். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக் பிடித்தால் வண்டி உள்பக்கமாகச் சாய்ந்து விழும், மெதுவான வேகத்தில் விழுகிற க்ரூசர்களில் பெரும்பாலானவை இப்படித்தான் விழுகின்றன. முதல் கியர், கிளட்சைப் பாதிப் பிடியில் நழுவவிட்டு, ஆக்சிலரேட்டரை மாறாமல் வைத்து, பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே திரும்புங்கள். எஞ்சின் இழுக்க, பின் பிரேக் தடுக்க, இரண்டுக்கும் நடுவில் வண்டி விறைப்பாக நிற்கும். பார்வை முன்சக்கரத்துக்கு முன்னால் உள்ள தரையில் இருக்கக் கூடாது. கழுத்தை முழுக்கத் திருப்பி, போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பாருங்கள். வண்டி உள்ளே சாய்ந்தால் நீங்கள் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து உட்காருங்கள். காலியான மைதானத்தில் சில வாரம் செய்தால் பயம் தெளிந்துவிடும். அதன்பிறகும் தெளியவில்லை என்றால் ஹேண்டில் எட்டுகிறதா என்று பாருங்கள், உயரம் பற்றிய பதிலில் சொன்ன சோதனையே போதும்.

ஹைவேல 100-ல போனா 350 திணறுமா?

திணறாது, ஆனால் கையிருப்பு தீர்ந்துவிடும். 350 தன் இயல்பில் இருப்பது 80-லிருந்து 90 கி.மீ. வரை. அந்த வேகத்தில் அதன் எஞ்சின் மிக இனிமையானது. உள்ளே அதிர்வைச் சமன்செய்யும் பேலன்சர் தண்டு இருப்பதால் பழைய ஒற்றை சிலிண்டர் வண்டிகளின் உலுக்கல் கிடையாது. 100-ல் நாள் முழுக்க ஓட்டலாம், ஆனால் முன்னால் போகும் லாரியை ஏற்றத்தில் தாண்ட வேண்டும் என்றால் முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

எடையோடு வகுத்துப் பார்த்தால் ஒரு டன்னுக்கு 350-ல் சுமார் 105 குதிரைத்திறன், 650-ல் சுமார் 195. கிட்டத்தட்ட இரட்டிப்பு. 650-ல் 110 என்பது எஞ்சினுக்கு நடைப்பயிற்சி மாதிரிதான், ஆறாவது கியரிலேயே வைத்துத் தாண்டலாம். நெடுஞ்சாலைச் சோர்வில் பெரும்பங்கு இந்தக் கணக்குப் போடும் மனச்சோர்வு. அது இல்லாததால் 650-ல் நானூறு கி.மீ. போய் இறங்கும்போதும் தெம்பு மிச்சம் இருக்கும். உங்கள் ஓட்டத்தில் பாதிக்கு மேல் நல்ல நெடுஞ்சாலை என்றால் 650-க்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

காத்து நெஞ்சுல அடிக்குது. விண்ட்ஸ்கிரீன் போட்டா சரியாயிடுமா?

நிமிர்ந்து, கை விரித்து உட்காரும்போது உடம்பே பாய்மரம் ஆகிவிடுகிறது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 80-லிருந்து 110-க்குப் போனால் விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கால் முன்னால் இருப்பதால் அந்த விசையை எதிர்த்து நிற்பது கைகள் மட்டும்தான். அதனால்தான் வேகமாகப் போகும் 650-காரர்களுக்குத் தோளும் கழுத்தும் முதலில் வலிக்கின்றன.

விண்ட்ஸ்கிரீன் நெஞ்சைக் காப்பாற்றும். ஆனால் அதன் மேல்விளிம்பில் பிய்ந்து வரும் காற்று எங்கே போய் மோதுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அது ஹெல்மெட்டின் நடுவில் மோதினால் தலை ஆடும், இரைச்சல் முன்பைவிடக் கூடும். விளிம்பு உங்கள் தாடைக்கும் மூக்குக்கும் நடுவிலான உயரத்தில் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது. அதை மேலாகத் தாண்டிப் பார்த்து ஓட்ட வேண்டும், அதன் வழியாக ஊடுருவிப் பார்த்து ஓட்டினால் மழையிலும் இரவிலும் தொல்லை.

எப்பவும் பின்னாடி ஒருத்தர் உட்காருவாங்க. அவங்களுக்கு எது சுகம்?

பின்சாய்மானம் உள்ள பதிப்பை எடுங்கள், எந்த வண்டியானாலும். 350-ல் சூப்பர்நோவா, 650-ல் செலஸ்டியல் பதிப்புகளில் விண்ட்ஸ்கிரீனும் பின்சாய்மானமும் சேர்ந்தே வருகின்றன. க்ரூசரில் பின்னால் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள இடம் குறைவு. 650 போன்ற இழுவை உள்ள வண்டியில் சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தால் ஒவ்வொரு முறை ஆக்சிலரேட்டர் திருகும்போதும் பின்னால் சரிந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கும். அந்தப் பயத்தோடு ஒருவர் பயணம் செய்வதைச் சொகுசு என்று சொல்ல முடியாது.

பின்சீட் ஆளோடு போகும்போது பிரீலோடைக் கூட்ட மறக்காதீர்கள். பின் ஷாக்குக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே உட்காருவது அவர்தான், அடி முழுக்க அவருக்குத்தான் போகும். டெஸ்ட் ரைடுக்கு அவரையும் அழைத்துப் போங்கள். ஓட்டுகிறவர் மட்டும் போய்ப் பார்த்து வாங்கிவந்து, பிறகு பின்னால் உட்காருபவர் வர மறுக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

டிராஃபிக்ல கால் சுடுமா?

இரண்டும் காற்றாலும் ஆயிலாலும் குளிரும் எஞ்சின்கள். 650-ல் சிலிண்டர் இரண்டு, சைலன்சரும் இரண்டு பக்கமும். நெரிசலில் நின்று நின்று போனால் அதில் சூடு கூடுதலாகத் தெரியும். கால் முன்னால் இருப்பதால் தொடைக்கு நேராக வராது என்பது ஆறுதல். முழுக் கால்சட்டையும் கணுக்காலை மூடும் ஷூவும் போட்டால் போதும்.

சீட்டை மட்டும் ஜெல் சீட்டா மாத்தினா முதுகு வலி போயிடுமா?

பிட்டம் வலிக்கிறதா, முதுகு வலிக்கிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் பிட்டம் எரிவது, மரத்துப்போவது என்றால் சீட்டின் பஞ்சு, வடிவம், அகலம்தான் காரணம், மாற்றினால் பலன் உண்டு. அதற்கும் மிருதுவான பஞ்சு தீர்வாகாது. மிருதுவானது அழுந்திப்போய் உட்காரும் எலும்பு அடித்தட்டில் முட்டும். கொஞ்சம் கெட்டியாகவும் அகலமாகவும் இருப்பதுதான் நீண்ட தூரத்துக்கு உதவும்.

கீழ்முதுகு வலித்தால் சீட்டை மாற்றிப் பெரிய பலன் இல்லை. காரணம் உட்காரும் கோணம் அல்லது பின் ஷாக். கீழ்முதுகை அணைக்கிற மாதிரி ஓட்டுபவருக்கான சாய்மானம் வைத்தால் இடுப்பு பின்னால் சுழல்வது குறையும். அதை முதலில் முயன்று பாருங்கள்.

ஹேண்டில்பாரை ரைசர் போட்டுப் பின்னாடி இழுத்தா கையாளுதல் கெடுமா?

ரைசர் (ஹேண்டிலை உயர்த்தவும் பின்னால் கொண்டுவரவும் அடியில் வைக்கும் துண்டு) போட்டுக் கொஞ்சம் இழுப்பதால் கெடாது, எட்டாதவருக்கு நன்மைதான். கேபிளும் பிரேக் ஹோஸும் ஒயரும் இழுபடாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது திருப்பினால் ஆர்பிஎம் மாறுகிறது என்றால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது, அப்படியே ஓட்டக் கூடாது. மிக உயரமான ஹேண்டிலை மாட்டுவது வேறு விஷயம். முன்சக்கரத்தின் மேல் விழும் உடம்பு எடை குறைந்து, வேகத்தில் முன்பக்கம் லேசாக மிதக்கிற உணர்வு வரும்.

எனக்கு டிஸ்க் பிரச்சினை இருக்கு. ரெண்டுல எது எடுக்கலாம்?

முதலில் மருத்துவரைக் கேளுங்கள், அதற்குப் பிறகுதான் ஷோரூம். அவர் ஓட்டலாம் என்று சொன்னாலும், கால் முன்னால் போகும் வண்டி உங்களுக்கு ஏற்றதா என்று யோசிக்க வேண்டும். முதுகு நேராக, கால் இடுப்புக்குக் கீழே இருக்கும் சாதாரண வகை பைக் பல முதுகுகளுக்கு இரண்டு க்ரூசரையும்விட நல்லது. இந்த இரண்டில் ஒன்றுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் 350. காரணங்கள் இரண்டு: கால் மிதமாகத்தான் முன்னால் போகிறது, தள்ளி நிறுத்தும்போது இடுப்பில் விழும் பளு குறைவு.

டெஸ்ட் ரைடுல பத்து நிமிஷம்தான் தர்றாங்க. அதுல எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வேகமாக ஓட்டிப் பார்த்து அந்தப் பத்து நிமிடத்தை வீணாக்காதீர்கள். எஞ்சின் நன்றாகத்தான் இருக்கும். முதல் இரண்டு நிமிடம் எஞ்சினைப் போடாமல் ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தி, இறங்கி நின்று தள்ளி, பின்னால் இழுத்துப் பாருங்கள். பிறகு ஏறி உட்கார்ந்து கண்ணை மூடி, கையும் காலும் தானாக எங்கே போகின்றன என்று கவனியுங்கள். கண்ணைத் திறந்தால் ஹேண்டிலும் ஃபுட்பெக்கும் அங்கேதான் இருக்க வேண்டும். தேடிப் பிடிக்க வேண்டியிருந்தால் அந்த இடைவெளிதான் நாளைய வலி.

ஓட்டும்போது ஒரு கெட்ட சாலை, ஒரு வேகத்தடை, ஒரு யூ டர்ன், ஒரு பலமான பிரேக் இவை நான்கும் இருக்கும்படி பாதையைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் இரண்டு வண்டியையும் ஒரே நாளில், ஒரே பாதையில் ஓட்டுங்கள். 650-ஐ முதலில் ஓட்டிவிட்டு 350-க்கு வந்தால் 350 பொம்மை மாதிரித் தோன்றி ஏமாற்றும். 350-ஐ முதலில் ஓட்டுங்கள். முடிவெடுக்கும் முன் எங்கேயாவது வாடகைக்குக் கிடைத்தால் ஒரு முழு நாள் எடுத்து ஓட்டிவிடுங்கள். வாங்கிய பிறகு வருந்துவதைவிட அந்த வாடகை மிக மிகக் குறைவு.

முதல் வண்டியாவே 650 எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம். 650-ன் எஞ்சின் முரட்டுத்தனமானது கிடையாது, பக்குவமாகத்தான் இழுக்கும். புதியவரைச் சாய்ப்பது மெதுவான வேகத்து எடைதான். கிளட்ச் நழுவல், பின் பிரேக், பார்வை இவையெல்லாம் உடம்பில் ஊறுவதற்கு முன் 241 கிலோவில் ஏறினால் கவனம் முழுக்க வண்டியை நிமிர்த்தி வைப்பதிலேயே போய்விடும், சாலையில் இருக்காது. 350-ல் ஒன்றிரண்டு வருடம் ஓட்டிவிட்டு மாறினால் 650-ன் அருமையும் அப்போதுதான் புரியும்.

650 வாங்கிட்டேன். 110 தாண்டினா ஹேண்டில் லேசா ஆடுது. வண்டியே இப்படித்தானா?

வண்டி இப்படி இல்லை, உங்கள் வண்டியில் ஏதோ இருக்கிறது. முதலில் வேகத்தை 100-க்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். டயர் காற்றைப் பாருங்கள், அதோடு முன் டயரின் தேய்மானத்தையும். விளிம்பில் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் ஆட்டம் வரும். சக்கரத்தில் ஒட்டியிருக்கும் பேலன்ஸ் எடை விழுந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

அடுத்து, நீங்கள் பின்னால் மாட்டியவை. பெரிய டாப் பாக்ஸில் சாமானை நிரப்பினால் எடை பின்சக்கர அச்சைத் தாண்டிப் பின்னால் போகிறது, முன்சக்கரம் லேசாகிவிடுகிறது. கூடவே உயரமான விண்ட்ஸ்கிரீன் ஹேண்டிலோடு சேர்த்து மாட்டப்பட்டிருந்தால் காற்று அதன் வழியாக ஹேண்டிலை நேரடியாக உலுக்கும். இரண்டையும் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது, பளுவை இரண்டு பக்கப் பைகளுக்கு, தாழ்வாகவும் முன்னாலும் மாற்றுங்கள். நிற்கவில்லை என்றால் ஹேண்டில் தண்டின் பேரிங் தளர்ந்திருக்கலாம். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். 'டக்' என்று சிறு தளர்வு தெரிந்தாலும் சர்வீசில் இறுக்கிவிட்டுத்தான் மறுபடி நெடுஞ்சாலைக்கு எடுக்க வேண்டும்.